ஆங்கிலத்தில் துக்கம் விசாரிப்பது

லீவு லெட்டர், ராஜினாமாக் கடிதம், சம்பள உயர்வு கேட்டு மேலதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல், கோபத்தில் இருக்கிற வாடிக்கையாளருக்குத் தணிவாக ஒரு பதில். இதெல்லாம் ஆங்கிலத்தில் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. கூட வேலை பார்க்கிறவரின் அம்மா தவறிவிட்டார் என்று செய்தி வந்தால் மட்டும் கை அப்படியே நின்றுவிடுகிறது. யாராவது ஒருவர் முதலில் ‘சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்று எழுதுவார். இன்னொருவர் ‘மை டீப்பெஸ்ட் கண்டோலன்சஸ்’ என்பார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வாட்ஸ்அப் குழுவாக இருந்தால் அதுகூட இல்லை. ‘ஆர்ஐபி’, பக்கத்தில் கைகூப்பிய ஒரு பொம்மை, அவ்வளவுதான்.

மனதில் ஈரம் இல்லாததால் இப்படி எழுதுகிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. இதே ஆட்கள்தான் ஊரில் ஒரு சாவு என்றால் ராத்திரி பஸ் பிடித்துப் போய் நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் துக்கம் விசாரிக்கிற முறை மட்டும் நமக்குப் பழகவில்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இருக்கிற குழுக்களோடு வேலை பார்க்கிறவன் நான். அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் எப்படி ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கவனித்தும், பழைய கடிதங்களைத் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன். யாருக்காவது பயன்படும்.

முதலில் அந்த ஒற்றை வரிகளுக்காகக் கொஞ்சம் பரிந்து பேச வேண்டும். ‘சாரி’ என்றதும் நமக்கு மன்னிப்புத்தான் ஞாபகம் வருகிறது. “நான் என்ன சார் தப்பு பண்ணேன், நான் எதுக்கு சாரி சொல்லணும்?” என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் கேட்டிருக்கிறான். வருத்தமாக இருக்கிறது என்பதுதான் அந்த இடத்தில் அதன் அர்த்தம், தாராளமாகச் சொல்லலாம். ‘கண்டோலன்சஸ்’ சற்று விறைப்பான சொல். வாடிக்கையாளருக்கும் அரசாங்க அறிக்கைக்கும் பொருந்தும், பக்கத்து மேசைக்காரருக்கு எழுதினால் தள்ளி நிற்பதுபோல இருக்கும். ‘சிம்பதி’ கடையில் விற்கிற அட்டைகளில் அச்சடித்திருப்பது. ‘எம்பதி’ பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் அடிபடுகிறது. 1909-இல் டிட்சனர் என்ற உளவியலாளர் ஒரு ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். இழவுக் கடிதத்தில் அது எடுபடாது. நெருங்கிய ஒருவருக்கு ‘ஐ ஆம் சோ சாரி’ என்பதைவிடப் பெரிதாக ஒன்றும் வேண்டியதில்லை.

அயர்லாந்தில் ‘சாரி ஃபார் யுவர் ட்ரபிள்’ என்று சொல்கிறார்கள். இறந்தவரை வீட்டிலோ அதற்கென்று இருக்கிற கூடத்திலோ வைத்திருக்க, குடும்பத்தார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரின் கையையும் பிடித்து அந்த ஒரே வரியைச் சொல்லிக்கொண்டே நகர்வார்கள். இறந்தவரைப் பார்த்தே இராதவர்களும் வருவார்கள்: மகனோடு வேலை பார்க்கிறவர், மகளோடு பள்ளியில் படித்தவர். உள்ளூர் வானொலிகளில் மரண அறிவிப்பு வாசிப்பதற்கென்றே நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2005-இலிருந்து அதற்கென்று ஒரு இணையதளமே நடக்கிறது. இரண்டு மூன்று நாளில் அடக்கம் முடிந்துவிடும் என்பதால் செய்தி சீக்கிரம் பரவ வேண்டும். அந்த வரிசையில் நிற்கிற யாரும் புதிதாக எதையாவது சொல்ல வேண்டும் என்று மெனக்கெடுவதில்லை. ஆள் வந்து நிற்பதுதான் அங்கே கணக்கு.

எங்கள் பக்கமும் அப்படித்தான். துக்க வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும் ஆண்களின் கையை வரிசையாகத் தொட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாகப் போய் உட்காருவார்கள். கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்றும் சொல்லக்கூடாது. எழுந்து நடந்துவிட வேண்டியதுதான். மொத்தத் துக்கமும் வாய் திறக்காமலேயே விசாரித்து முடிந்துவிடும். மின்னஞ்சலில் ஆளும் இல்லை, கையும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டிய வரியை வெறும் எழுத்தாக அனுப்பினால் அதில் பாதிதான் போய்ச் சேர்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வாய் திறந்தால் நாம் கேள்விதான் கேட்போம். “எப்படி ஆச்சு? என்ன வயசு? ஆஸ்பத்திரியில எத்தனை நாளு? கடைசியா யார்கிட்ட பேசினாங்க?” உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் இதையே கேட்பார்கள். அந்த வீட்டுப் பெண் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்: காலையில் எழுந்தது, காபி கேட்டது, நெஞ்சைப் பிடித்தது, ஆட்டோ கிடைக்காதது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் சொல்லிச் சொல்லித்தான் நடந்தது நிஜம் என்பது மனதில் இறங்குகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்குள் அந்தக் கதை அவள் வாயில் ஒரு வடிவத்துக்கு வந்துவிடும், குரல் உடையாமல் சொல்ல முடியும்.

ஆங்கிலத்தில் இதற்கு வழியில்லை. எப்படி இறந்தார் என்று கடிதத்தில் கேட்பது அங்கே முறையாகாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். ஆக, நமக்குக் கைவந்த வழி அடைபட்டுப் போகிறது. கேட்க முடியாதபோது நாம்தான் சொல்ல வேண்டும். இறந்தவரைப் பற்றி நமக்குத் தெரிந்த ஏதோ ஒன்றை, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எழுத வேண்டும். மனதில் நின்ற ஆங்கில இரங்கல் கடிதங்கள் பலவற்றிலும் இறந்தவர் இரண்டு வரியாவது உயிரோடு நடமாடுவார்.

என் அப்பா இறந்தபோது எனக்கு இது புரிந்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மதியம் காணொளிக் கூட்டத்தின் நடுவே அப்பா காபி டம்ளரோடு பின்னால் வந்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு திரையில் இருந்த வெள்ளைக்கார முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “எல்லாரும் சாப்டாச்சா?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டுப் போய்விட்டார். என்ன சொன்னார் என்று அவர்கள் கேட்க, நான் மொழிபெயர்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. அப்பா போன பிறகு வந்த மின்னஞ்சல்களில் பெரும்பாலானவை ஒரே வரி. அவற்றின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை, வந்ததே ஆறுதல்தான். அயர்லாந்துக் குழுவில் இருந்த ஒரு பெண்மணி மட்டும் இப்படி எழுதியிருந்தார்: ‘உன் அப்பாவை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். எங்களை யாரென்றே தெரியாது, ஆனாலும் நாங்கள் சாப்பிட்டோமா என்று கேட்டார். அன்று ராத்திரி என் மகனிடம் அதைச் சொன்னேன். இப்போது அவன் எனக்கு ஃபோன் செய்தால் முதலில் கேட்பது அதைத்தான்.’

அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். “அங்கயும் போய்க் கேட்டுட்டாரா” என்றாள். அப்புறம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பழைய கடிதங்களில் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பது ஆபிரகாம் லிங்கன் 1862 டிசம்பர் 23-இல் ஃபேனி மெக்கல்லோ என்ற இளம்பெண்ணுக்கு எழுதியது. அவளுடைய அப்பா வில்லியம், இல்லினாய் மாநிலத்தின் ப்ளூமிங்டனில் நீதிமன்ற எழுத்தராக இருந்தவர். லிங்கன் வக்கீல் தொழில் பார்த்த நாளிலிருந்தே பழக்கம். ஒரு கை இல்லாதவர், ஒரு கண்ணும் தெரியாது. அப்படியும் உள்நாட்டுப் போருக்குப் போனார். டிசம்பர் 5 அன்று மிசிசிப்பியில் காஃபிவில் என்ற ஊருக்குப் பக்கத்தில் நடந்த சண்டையில் இறந்துபோனார். மகளை யாராலும் தேற்ற முடியவில்லை. இரண்டு பேருக்கும் வேண்டியவரான டேவிட் டேவிஸ் என்ற நீதிபதி, நீங்கள் நாலு வரி எழுதினால் நன்றாக இருக்கும் என்று லிங்கனிடம் கேட்டுக்கொண்டார்.

அந்த டிசம்பரில் லிங்கனுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஃப்ரெடரிக்ஸ்பர்கில் அவருடைய படை பெரிய தோல்வி அடைந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அமைச்சரவைக்குள்ளேயே ராஜினாமாச் சண்டை. ஜனவரி 1 அன்று அடிமை ஒழிப்புப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில்தான் ஊரில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார்.

உன் அன்பும் வீரமும் நிறைந்த அப்பா என்றுதான் கடிதம் தொடங்குகிறது. எல்லோருக்கும் துக்கம் வரும், சின்ன வயதில் வந்தால் எதிர்பாராமல் தாக்குவதால் அதிகமாக வலிக்கும் என்கிறார். அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியம். இனி ஒருநாளும் நன்றாக இருக்கமாட்டோம் என்றுதான் உனக்கு இப்போது தோன்றும், அப்படித்தானே என்று கேட்கிறார். அது தவறு, நீ நிச்சயம் மறுபடியும் சந்தோஷமாக இருப்பாய் என்கிறார். தெரிந்துதான் சொல்கிறேன், அந்த அளவுக்கு அனுபவப்பட்டிருக்கிறேன் என்கிறார். அப்பாவின் நினைவு இப்போது வேதனையாக இருக்கிறது, பிறகு அது சோகமும் இனிமையும் கலந்த ஓர் உணர்வாக உன் மனதில் தங்கும் என்கிறார். அம்மாவை விசாரித்ததாகச் சொல் என்று முடித்துவிடுகிறார்.

துக்கத்தில் இருப்பவரிடம் ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லாதே என்பதுதான் இன்றைக்கு ஆங்கிலத்தில் கொடுக்கப்படுகிற முதல் அறிவுரை. லிங்கன் அதையேதான் சொல்கிறார், ஆனாலும் குத்தவில்லை. ஏன் என்று நிறைய யோசித்திருக்கிறேன். ஆறுதலுக்கு முன்னால் அவளுடைய இருட்டை அவரே வாய்விட்டுச் சொல்லி, அப்படித்தானே என்று அவளிடம் கேட்டும் விடுகிறார். அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று அவள் மனதுக்குள் சொல்லியிருப்பாள். ஆமாம் என்றபிறகுதான் மற்றது காதில் விழும். இன்னொன்று, அவர் தன் கதையைச் சொல்லவில்லை. ஒன்பது வயதில் அம்மாவை இழந்தவர் அவர். வளர்ந்த பிறகு அக்காவை, 1850-இல் ஒரு மகனை, அந்தக் கடிதத்துக்குப் பத்தே மாதம் முன்னால் பதினோரு வயது வில்லியை. எதையும் எழுதவில்லை. அனுபவப்பட்டிருக்கிறேன் என்ற ஒரே சொல்லில் அத்தனையையும் அடக்கிவிட்டு அவளுடைய துக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார். நம்மில் பலர் ‘எனக்கும் இப்படித்தான் போன வருஷம்’ என்று ஆரம்பித்து நம் கதையிலேயே முடித்துவிடுகிறோம்.

சாமுவேல் ஜான்சன் 1780 ஜனவரியில், மனைவியைப் பறிகொடுத்த லாரன்ஸ் என்ற மருத்துவ நண்பருக்கு எழுதிய கடிதமும் இதே வகை. ஜான்சனின் மனைவி போய் அப்போது கிட்டத்தட்ட இருபத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. நீங்கள் இழந்ததை நான் பல வருடங்களுக்கு முன் இழந்தேன், அதனால் உங்களிடமிருந்து எவ்வளவு பறிக்கப்பட்டிருக்கிறது என்பதும், ஆறுதல் வார்த்தைகளால் எவ்வளவு கொஞ்சம்தான் முடியும் என்பதும் எனக்குத் தெரியும் என்று எழுதினார். ஆங்கிலத்துக்கு அகராதி தொகுத்தவரே இப்படி எழுதியதைப் பார்த்தபோது எனக்குத் தைரியம் வந்தது. வார்த்தை போதாது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை, அதையே எழுதலாம்.

விக்டோரியா மகாராணி 1865 ஏப்ரல் 29 அன்று லிங்கனின் மனைவி மேரிக்கு எழுதியது வேறு மாதிரி. நீங்கள் எனக்கு அறிமுகமில்லாதவர், ஆனாலும் பேசாமல் இருக்க முடியவில்லை என்று தொடங்கி, 1861-இல் இறந்த தன் கணவரைப் பற்றியும் சொல்கிறார். அவரே என் வாழ்வின் ஒளி, என் துணை, என் எல்லாம் என்று புலம்புகிறார். அலுவலகத்தில் யாருக்காவது எழுத இது முன்மாதிரி ஆகாது. ஆனால் புருஷனை இழந்த ஒருத்தி இன்னொருத்திக்கு எழுதியது அது. நம் ஊர்ப் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும்போது அவரவர் வீட்டுச் சாவையும் சேர்த்துத்தானே அழுகிறார்கள்! தானும் துயரத்தை அறிந்த இதயத்திலிருந்து வந்த வார்த்தைகள் என்று மேரி நன்றியோடு பதில் எழுதினார்.

ஆங்கிலேயர்களின் துக்கத்தை எழுத்தில் பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்காரர்கள் தூரப் போக வேண்டியதில்லை. நந்தம்பாக்கத்தில், மவுண்ட் பூந்தமல்லி சாலையில் இருக்கிற போர்க் கல்லறைக்குப் போகலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 800-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்த வகைக் கல்லறைகளில் பொறித்திருக்கிற பெயர், படைப்பிரிவு, தேதி இவற்றுக்குக் கீழே வீட்டார் சொன்ன ஒரு வாசகத்துக்கும் இடம் உண்டு. முதல் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகளுக்கு அந்த வாசகம் 66 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி, சொற்களுக்கு நடுவே விடுகிற இடைவெளியும் அதில் சேர்த்தி. எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கட்டணம் என்றும் வைத்தார்கள், பிறகு விருப்பப்பட்டால் கொடுங்கள் என்று தளர்த்தினார்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுத்தை எண்ணி எண்ணி எழுதிப் பார்த்திருப்பாள் என்பதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. நிறையப் பேர் பைபிள் வசனத்தையோ பிரார்த்தனைப் பாடல் வரியையோ எடுத்துக்கொண்டார்கள். சிலர் எங்கள் ஒரே பிள்ளை என்று மட்டும் சொன்னார்கள். படிக்கிறபோது நம் காலை நிறுத்துவது இந்த இரண்டாவது வகைதான்.

தமிழிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு போகக்கூடாத வார்த்தைகள் சில இருக்கின்றன. தொண்ணூறு வயதில் போனால் கல்யாணச் சாவு என்கிறோம். கிடையில் கிடக்காமல் போனால் புண்ணியம் செய்தவர் என்கிறோம். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அதில் நிஜமாகவே ஆறுதல் இருக்கிறது. இதையே ஆங்கிலத்தில் ‘அட் லீஸ்ட்’ என்று தொடங்கி எழுதினால், உன் இழப்பு ஒன்றும் அவ்வளவு பெரிதில்லை என்று அளந்து சொன்னதுபோல ஆகிவிடும். ‘பீ ஸ்ட்ராங்’ என்பதும் அப்படித்தான். நாம் மனதைத் தேற்றிக்கொள் என்ற பரிவில் எழுதுவோம், அவர்களுக்கு அழாதே என்ற கட்டளையாகப் போய்ச் சேரும். கடவுள் சித்தம், நல்ல இடத்துக்குப் போய்விட்டார் என்பதெல்லாம் எதிராளியின் நம்பிக்கை தெரிந்தால் மட்டுமே.

‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்’ என்ற வரியைத் தப்பென்று சொல்ல எனக்கு மனம் வராது, நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறோம். ஆனால் துக்கத்தில் இருப்பவர் யோசித்து, பட்டியல் போட்டு, நம்மிடம் வந்து கேட்கப் போவதில்லை. சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டா நிற்கிறார்? பேசாமல் ரசஞ்சாதத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். அமெரிக்காவிலும் அக்கம்பக்கத்தார் சமைத்த பாத்திரத்தோடுதான் கதவைத் தட்டுகிறார்கள். தூரத்தில் இருக்கிற நாம் செய்யக்கூடியது: ‘வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டிய அறிக்கையை நான் முடித்து அனுப்பிவிடுகிறேன், நீங்கள் பார்க்கவே வேண்டாம்.’ ஆங்கிலத்தில் எழுத இது ரொம்பச் சுலபமான வாக்கியம். இழப்புக்குப் பிறகு வருகிற முதல் வாரத்தில் இதைவிட இதமான வாக்கியம் கிடைப்பது கஷ்டம்.

இதோடு சேர்ந்த ஒரு யோசனையை 2013 ஏப்ரலில் சூசன் சில்க் என்ற உளவியலாளரும் பாரி கோல்ட்மேன் என்பவரும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார்கள். துக்கத்தில் இருப்பவரை நடுவில் வைத்து வட்டம் வட்டமாக வரையச் சொல்கிறார்கள். ரொம்ப நெருங்கியவர்கள் உள்வட்டம், மற்றவர்கள் உறவின் தூரத்துக்கு ஏற்றபடி வெளி வட்டங்கள். நமக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கு ஆறுதல் மட்டும் சொல்ல வேண்டும், நம்முடைய அழுகையை நமக்கு வெளியே இருக்கிறவர்களிடம்தான் கொட்ட வேண்டும். ஒரு சக ஊழியர் இறந்துபோனால் நமக்கும்தான் நெஞ்சு அடைக்கும். அதை அவர் மனைவிக்கு எழுதுகிற கடிதத்தில் பத்தி பத்தியாக விவரித்தால் அந்த அம்மா நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

சரி, கடிதத்தை எப்படி முடிப்பது? வழக்கமான ‘ரிகார்ட்ஸ்’ வேண்டாம், ரசீது அனுப்பியது மாதிரி இருக்கும். ‘திங்கிங் ஆஃப் யூ’ போதும். கொஞ்சம் முறையாக வேண்டும் என்றால் ‘வித் டீப்பெஸ்ட் சிம்பதி’. கையெழுத்துக்குக் கீழே தானாக வந்து ஒட்டிக்கொள்கிற பதவி, கம்பெனி முத்திரை, விளம்பர வாசகம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள். தலைப்பில் ‘கண்டோலன்சஸ்’ என்று போடுவதைவிட இறந்தவரின் பெயரையோ ‘உங்கள் அம்மா’ என்றோ போடுவது எனக்குப் பிடிக்கும்.

செய்தி தெரிந்து மாதம் ஆகிவிட்டதே, இனி எழுதினால் நன்றாகவா இருக்கும் என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். தாராளமாக எழுதலாம். பெரும்பாலான அலுவலகங்களில் துக்கத்துக்கு லீவு ஒரு வாரத்தைத் தாண்டாது. பிரிட்டனில் பிள்ளையை இழந்த பெற்றோருக்கு இரண்டு வாரம் என்று சட்டம் வந்ததே 2020 ஏப்ரலில்தான். நமக்குப் பதினாறாம் நாள், முதல் வருடம் பண்டிகை இல்லை, திதி என்று ஊரே நினைவு வைத்துக்கொள்கிறது. அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் ஒரு மாதம் முடிந்ததும் கோயிலில் பூசை வைக்கிறார்கள். அது இல்லாதவர்கள் பத்தாம் நாள் மேசைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், அப்புறம் யாரும் பேச்செடுப்பதில்லை. இரண்டாவது மாதத்தில் வருகிற ஒரு கடிதத்துக்கு அங்கே பெரிய மதிப்பு உண்டு.

கடைசியாக, நமக்கு வருகிற ஆங்கில இரங்கல் கடிதத்துக்கு உடனே பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. எழுதவில்லை என்றாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எழுத முடிகிறபோது இரண்டு வரி போதும். எனக்கு ஏழெட்டு வாரம் பிடித்தது. நன்றி சொல்லிவிட்டு, அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், பயணம் கிளம்புகிற யாரையும் சாப்பிடாமல் விடமாட்டார் என்று எழுதினேன். எந்த ரயில்வே, எந்த ஊர், என்ன வேலை என்று அந்தப் பெண்மணி மறுநாளே கேட்டு எழுதினார். நான் சொல்ல ஆரம்பித்தபிறகு கேட்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.